இலவசப் பயிற்சிதான், ஆனாலும் செலவு யாருக்கு? பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கான அரசு சமையல் பயிற்சி: ஓர் எளிய விளக்கம்

எங்கள் தெருவில் ஒரு பையன். பத்தாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் போச்சு. மறுதேர்வு எழுதவில்லை. பக்கத்து மெஸ் ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்தான். பதினெட்டு முடிந்ததும், அரசு செலவில் நடக்கும் இலவச சமையல் பயிற்சி ஒன்றில் அவனுடைய அம்மா சேர்த்துவிட்டார். மூன்றாவது வாரம் நின்றுவிட்டான்.

"இலவசமா சொல்லிக் குடுக்கிறாங்க, அதைக்கூட ஒழுங்காப் படிக்கத் தெரியல" என்று தெருவே சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் ஒருநாள் அவனிடமே கேட்டேன். போக வர நான்கு பஸ் மாற வேண்டும். மெஸ்ஸில் வந்துகொண்டிருந்த நாள் கூலியும் மூன்று வேளைச் சாப்பாடும் நின்றுபோயின. பயிற்சியில் முதல் இரண்டு வாரம் அடுப்பே பற்றவைக்கவில்லை, போர்டில் எழுதிப் போட்டதைப் பார்த்து நோட்டில் எழுதினார்கள். "மெஸ்ல தினம் ஒரு மூட்டை வெங்காயம் உரிச்சிட்டிருந்தேன்ணே. இங்க கத்தியே கையில குடுக்கல" என்றான்.

அவன் சொன்ன குறைகளை அந்த ஒரு பயிற்சி மையத்தின் கோளாறு என்று தள்ளிவிட முடியாது. அரசுப் பணம் எந்த வழியாக வருகிறது, எதற்குத் தருகிறார்கள், எதற்குத் தருவதில்லை என்பதைத் தெரிந்துகொண்டால் அவன் ஏன் நின்றான் என்பது புரியும். அதைத்தான் இங்கே முதலிலிருந்து சொல்லப்போகிறேன்.

அரசு ஏன் இதற்குப் பணம் தர வேண்டும்?

சமையல் தொழிலை நம் ஊரில் பெரும்பாலானவர்கள் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டதில்லை. கிளீனராகச் சேர்ந்து, தட்டு கழுவி, காய் வெட்டி, மாவு ஆட்டி, ஒருநாள் மாஸ்டர் வராதபோது கரண்டியைப் பிடித்து, அப்படியே மேலே வந்தவர்கள்தான் அதிகம். பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர், கல்யாணச் சமையல்காரர் என்று யாரைக் கேட்டாலும் இந்தக் கதைதான். அது நல்ல பள்ளிதான். ஆனால் மாஸ்டரின் மனசைப் பொறுத்தது. சிலர் பிள்ளைபோல வைத்துக் கற்றுத் தருவார்கள். சிலர் மசாலா அளவு போடும்போது பையனை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

ஹோட்டல் முதலாளியே செலவு செய்து கற்றுத் தரலாமே என்று கேட்கலாம். பெரும்பாலும் தரமாட்டார். ஆறு மாதம் கற்றுக்கொடுத்த பையன், அடுத்த தெருவில் ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தந்தால் போய்விடுவான். தான் போட்ட பணத்தின் பலன் போட்டிக் கடைக்குப் போகும் என்று தெரிந்தால் யாரும் போடமாட்டார்கள். எல்லாருக்கும் பயன்படுகிற, ஆனால் யாரும் தனியாகச் செலவிட விரும்பாத ஒரு விஷயம் என்றால் அங்கே பொதுப் பணம் வரவேண்டியிருக்கிறது. சாலை போடுவதுபோலத்தான் இதுவும்.

இன்னொரு காரணமும் உண்டு. கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு அரசு ஏற்கெனவே பல வருடங்கள் செலவு செய்கிறது. எட்டாவதிலோ பத்தாவதிலோ நின்ற பிள்ளைக்கு அந்தச் செலவு அன்றோடு நின்றுவிட்டது. அவனுக்கான பங்கு இன்னும் பாக்கி இருக்கிறது என்பது என் எண்ணம். இதைத் தருமமாக நினைக்க வேண்டியதில்லை.

பணம் வரும் வழிகள்

இந்தியாவில் இதற்கென்று ஒரே திட்டம் கிடையாது. பல அமைச்சகங்கள் தனித்தனியாக நடத்துகின்றன. அதனால்தான் பலருக்குக் குழப்பம்.

சமையலுக்கென்றே வந்தது மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'ஹுனர் சே ரோஜ்கார் தக்' திட்டம். 'கைத்திறனிலிருந்து வேலைவரை' என்று பொருள் சொல்லலாம். 2009-10இல் தொடங்கியது. எட்டாம் வகுப்பு தேர்ச்சி போதும், வயது 18 முதல் 28 வரை. உணவு தயாரிப்புக்கு 8 வாரம், பரிமாறும் பணிக்கு 6 வாரம் என்று வைத்தார்கள். கட்டணம் கிடையாது. ஹோட்டல் நிர்வாகக் கல்லூரிகளும் நட்சத்திர ஹோட்டல்களும் நடத்தின. சென்னை தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் அப்படிப்பட்ட அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. பட்டப் படிப்பு மாணவர்கள் பழகும் அதே அடுப்படியில் எட்டாவது படித்த பையனும் நிற்கலாம் என்ற எண்ணமே எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் உதவித்தொகையைப் பாருங்கள். 8 வாரப் பயிற்சியை ஒழுங்காக முடித்தால் 2,000 ரூபாய் என்று வைத்தார்கள். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 48 நாள். நாளொன்றுக்கு 42 ரூபாய்கூட வராது, அதுவும் கடைசியில்தான் கைக்கு வரும். வீட்டில் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் வேறு யாராவது பணம் தர முடிந்த பையனால்தான் அதுவரை தாக்குப்பிடிக்க முடியும்.

அடுத்தது, பலரும் பெயர் கேள்விப்பட்டிருக்கும் பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம். 2015 ஜூலையில் வந்தது. திறன் மேம்பாட்டு அமைச்சகம் நடத்துகிறது. ஹோட்டல் துறையும் அதில் உள்ள துறைகளில் ஒன்று. இங்கே பணம் நேராகப் பயிற்சி மையத்துக்குப் போகிறது. எப்படி என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், விஷயமே இங்கேதான் இருக்கிறது.

2015இல் மத்திய அரசு எல்லாத் திறன் பயிற்சிகளுக்கும் பொதுவான செலவு விதிகளை அறிவித்தது. ஒரு மாணவருக்கு, ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. தொழிலின் வகையைப் பொறுத்து 27.50, 33, 38.50 ரூபாய் என்று மூன்று அடுக்குகள். பின்னால் இந்தத் தொகைகளைக் கூட்டினார்கள், கணக்கு முறை அப்படியேதான். நடு அடுக்கை எடுத்து ஒரு கணக்குப் போடுவோம். 400 மணி நேரப் பயிற்சி என்றால் ஒரு தலைக்கு 13,200 ரூபாய். அந்த 2015 விதிப்படி இதுவும் ஒரே தவணையில் வராது. தொடங்கும்போது 30 சதவீதம், அதாவது 3,960. பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றதும் 50 சதவீதம், 6,600. மீதி 20 சதவீதம், 2,640 ரூபாய், வேலையில் சேர்த்துவிட்ட பிறகுதான்.

இப்போது அந்த மைய நடத்துநரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். கட்டட வாடகை, பயிற்றுநர் சம்பளம், கரண்ட் பில், எல்லாமே அந்த மணிக்கு 33 ரூபாயிலிருந்துதான். கம்ப்யூட்டர் பயிற்சி என்றால் ஒருமுறை வாங்கிய கம்ப்யூட்டரை வைத்துப் பத்து அணி மாணவர்களுக்குச் சொல்லித் தரலாம். சமையலில் அது நடக்காது. முப்பது பேர் ஆளுக்கு ஒரு கோழிக் குழம்பு வைத்துப் பழக வேண்டும் என்றால், அத்தனை கோழியும் எண்ணெயும் காஸும் அன்றோடு தீர்ந்துபோகும். மறுநாள் மறுபடி வாங்க வேண்டும். தச்சன் அறுத்த கட்டையைக்கூட இன்னொரு தடவை இழைக்கலாம், அடிபிடித்த குழம்பை என்ன செய்வது?

ஆகவே ஒரு மையத்துக்குச் செலவைக் குறைக்க மிக எளிய வழி, அடுப்பைப் பற்றவைக்காமல் இருப்பது. போர்டில் எழுதிப் போட்டாலும் அது பயிற்சி மணி நேரம்தான். எங்கள் தெருப் பையனின் கையில் கத்தி வராததற்கு இதுதான் காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். எல்லா மையமும் அப்படி என்று சொல்லமாட்டேன். ஆனால் மணிக் கணக்கில் பணம் தரும் முறை, நேர்மையாக நடத்துகிறவருக்கு நட்டத்தையும் ஏமாற்றுகிறவருக்கு மிச்சத்தையும் கொடுக்கும் இடம் சமையல் பயிற்சி.

அந்தக் கடைசி 20 சதவீதம் முக்கியமானது. வேலை கிடைத்தால்தான் முழுப் பணம் என்பது பையனுக்கு ஒரு காவலாக இருந்தது. ஆனால் நான்காவது கட்டத்தில் இந்தத் திட்டத்தின் குறுகிய காலப் பயிற்சியில் வேலைவாய்ப்புக் கணக்கு எடுப்பதை விட்டுவிட்டார்கள். தனக்கான பாதையைப் பயிற்சி பெற்றவரே தேர்ந்தெடுக்கட்டும் என்பது அரசு சொன்ன காரணம். எனக்கு அது சரியாகப் படவில்லை. பட்டம் வாங்கியவருக்குப் பல பாதை இருக்கலாம். பத்தாவது தவறிய பையனுக்கு முதல் வேலையில் கொண்டுபோய் நிறுத்த ஒரு கை வேண்டும்.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு வேறொரு வழி இருக்கிறது. ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் தீன் தயாள் உபாத்யாயா கிராமின் கௌசல்யா யோஜனா. 2014 செப்டம்பரில் தொடங்கியது. வயது 15 முதல் 35 வரை, ஏழைக் குடும்பத்தவர்களுக்கு. தங்கிப் படிக்கும் வசதி பல இடங்களில் உண்டு. பயிற்சி பெற்றவர்களில் 70 சதவீதம் பேரையாவது வேலையில் சேர்த்தாக வேண்டும் என்பது விதி. மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு என்று செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. தங்குமிடமும் சாப்பாடும் சேர்ந்து வருவதால் பஸ் பிரச்சினையும் பசிப் பிரச்சினையும் இங்கே தீர்கின்றன. ஆனால் வீட்டுக்கு அனுப்ப ஒரு பைசாவும் இருக்காது. பையனின் கூலியை நம்பியிருக்கிற வீடு என்றால் அந்த மூன்று மாதம் பெரிய மாதங்கள்.

சொந்தமாக டிபன் கடை, பேக்கரி, சிற்றுண்டி வண்டி என்று போட நினைப்பவர்களுக்கு வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. இலவசம், குறுகிய காலம், கடன் வாங்கும் வழியையும் சொல்லித் தருவார்கள். வேலைக்குப் போக நினைப்பவருக்கு அது அவ்வளவு பொருந்தாது.

ஐடிஐ என்கிற உறுதியான பாதை

பத்தாவது தேறி, பதினொன்றிலோ பன்னிரண்டிலோ நின்றவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஐடிஐ, அதாவது தொழிற்பயிற்சி நிலையம்தான். 'உணவு தயாரிப்பு' என்றே ஒரு தொழிற்பிரிவு இருக்கிறது, ஓராண்டு. 'பேக்கரி, மிட்டாய்' பிரிவும் ஓராண்டு. எல்லா ஐடிஐயிலும் இருக்காது, விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டு அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை எல்லாம் உண்டு. தேசியச் சான்றிதழ் கிடைக்கும்.

எட்டு வாரப் பயிற்சிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நேரம்தான். கத்தி பிடிக்கும் கைக்கு நேரம் வேண்டும். வெங்காயத்தை ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டப் பழகும் பையனைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதல் வாரம் கட்டைவிரல் கத்திக்கு முன்னால் நீட்டிக்கொண்டே இருக்கும். பயிற்றுநர் விரல்களை மடக்கி, முட்டி கத்தியின் பக்கவாட்டில் உரசும்படி வைத்துவிடுவார். அடுத்த நிமிடமே விரல் மறுபடி நீண்டுவிடும். மூன்றாவது வாரம்தான் அந்தக் கை தானாக மடங்கத் தொடங்குகிறது. அதுவரை அவன் வெட்டியதில் ஒரு துண்டு கடுகளவு, ஒரு துண்டு விரல் பருமன். வதக்கும்போது சின்னது கருகும், பெரியது பச்சையாக நிற்கும். ஏன் ஒரே அளவு வேண்டும் என்பது அந்தக் கருகலைப் பார்த்தபோதுதான் அவனுக்கு விளங்கியது. இதை எந்தப் போர்டிலும் எழுதிப் போட முடியாது.

சம்பளத்தோடு கற்கும் வழி

இப்போது அதிகம் பேசப்படாத, ஆனால் என் பார்வையில் பள்ளியை விட்ட பிள்ளைக்கு மிகவும் பொருந்துகிற வழிக்கு வருகிறேன். அப்ரண்டிஸ் பயிற்சி. அரசுத் தமிழில் தொழிற்பழகுநர். ஏதோ தொழிற்சாலைக்கும் ரயில்வேக்கும் மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். ஹோட்டல்களும் எடுக்கலாம். 1961ஆம் ஆண்டுச் சட்டம் இது. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம்வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும் என்பது கட்டாயம்.

2019 விதிகளின்படி, ஐந்தாவது முதல் ஒன்பதாவதுவரை படித்தவருக்கு மாதம் குறைந்தது 5,000 ரூபாய், பத்தாவது தேறியவருக்கு 6,000, பன்னிரண்டாவது தேறியவருக்கு 7,000 என்று நிர்ணயித்தார்கள். இதைக் கூட்ட வேண்டும் என்று 2025இல் பரிந்துரையும் வந்தது. ஐந்தாம் வகுப்பு படித்தவரைக்கூடப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்ட விதி இது. 2016இல் வந்த தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின்படி, இந்தத் தொகையில் கால் பங்கை, அதிகபட்சம் 1,500 ரூபாய்வரை, மத்திய அரசு ஏற்கிறது. ஐந்தாயிரம் என்றால் அரசு 1,250, ஹோட்டல் 3,750. முன்பு அரசின் பங்கு நிறுவனத்துக்குத் திரும்பப் போனது, 2023 முதல் பையனின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது.

இந்த முறையில் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது, ஏனென்றால் அது நடக்கிற ஹோட்டல். காய்கறிக்கு யாரும் தனிக் கணக்கு எழுத வேண்டாம், வெட்டிய வெங்காயம் வாடிக்கையாளர் தட்டுக்குப் போகிறது. பையனுக்கு மாதா மாதம் பணம். எங்கள் தெருப் பையன் சொன்ன மூன்று குறையில் இரண்டு தீர்ந்துவிட்டது.

ஆனால் ஐயாயிரம் ரூபாய் போதுமா? போதாது. கிளீனர் வேலைக்கே இதைவிடக் கூடுதல் கிடைக்கும். சில ஹோட்டல்களில் அப்ரண்டிஸ் என்று பெயர் போட்டுவிட்டு வருடம் முழுக்கப் பாத்திரம் கழுவ வைப்பதும் நடக்கிறது. அதனால் ஒப்பந்தம் அரசின் இணையதளத்தில் பதிவாகியிருக்கிறதா, எந்தப் பணிக்கு என்று எழுதியிருக்கிறது என்பதை முதல் நாளே பார்த்துவிட வேண்டும். வாய்வார்த்தையில் "அப்ரண்டிஸா வச்சிக்கிறோம்" என்றால் அது அப்ரண்டிஸ் கிடையாது. பொதுப் பணத்தை எங்கே கூட்டுவது என்று என்னைக் கேட்டால், இந்தக் கால் பங்கை அரைப் பங்காக்குங்கள் என்பேன். கிளீனர் கூலிக்கும் அப்ரண்டிஸ் தொகைக்கும் உள்ள இடைவெளிதான் நல்ல பையன்களைத் தொழில் கற்கவிடாமல் பாத்திரத் தொட்டியிலேயே வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் 1964 முதல் ஜாப் கார்ப்ஸ் என்று ஒரு திட்டம் நடக்கிறது. 16 முதல் 24 வயதுவரை, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு. சமையலும் அதில் ஒரு தொழில். தங்குமிடம், சாப்பாடு, கைச்செலவுக்குப் பணம், விட்ட பள்ளிப் படிப்பை முடிக்க வகுப்பு எல்லாம் ஒரே இடத்தில். செலவு அதிகம் என்று அங்கே இன்றுவரை சண்டை நடக்கிறது. ஆனாலும் பிள்ளை எப்படிச் சாப்பிடுவான் என்பதைப் பயிற்சிச் செலவில் சேர்த்து யோசித்திருக்கிறார்கள்.

பதினைந்துக்கும் பதினெட்டுக்கும் நடுவே

கட்டாய இலவசக் கல்விச் சட்டம் 14 வயதுவரை. அந்த வயதுக்குள் இருப்பவர்களை ஹோட்டலில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2006லேயே தடை வந்தது. பல பயிற்சிகள் தொடங்குவது 18இல். சட்டப்படி 15 வயதிலேயே சேரக்கூடிய திட்டங்களும், 14இலேயே எடுத்துக்கொள்ளக்கூடிய அப்ரண்டிஸ் முறையும் இருந்தாலும், நடைமுறையில் "பதினெட்டு ஆகட்டும், வா" என்று திருப்பி அனுப்பும் ஹோட்டல்கள்தான் அதிகம். கத்தியும் கொதிக்கும் எண்ணெயும் இருக்கிற இடம், அவர்கள் பயமும் நியாயம்தான். ஆனால் பத்தாவதில் நிற்கிற பிள்ளைக்கு அந்த இரண்டு மூன்று வருடம்தான் திசை மாறும் காலம்.

அந்த நடுக்காலத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தவறிய பாடத்தைத் தனித்தேர்வராக எழுதி முடிப்பது. பத்தாவது தேறினால் ஐடிஐ கதவு திறக்கும், அப்ரண்டிஸ் தொகை ஒரு படி ஏறும். இன்னொன்று, வளைகுடாவுக்குச் சமையல் வேலைக்குப் போகும் ஆசை பலருக்கு இருக்கும். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாகக் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற நிலை இருக்கும். அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் தனி அனுமதி வாங்க வேண்டும். பத்தாவது முடித்தால் அந்த ஒரு அலைச்சல் மிச்சம்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

மையத்துக்குப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், அடுப்புகளை எண்ணுங்கள். முப்பது பேருக்கு எத்தனை பர்னர்? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கையால் செய்கிற வேலை? காய்கறி எங்கிருந்து வருகிறது, யார் வாங்குகிறார்கள்? முந்தைய அணியில் முடித்த இரண்டு பேரிடம் போனில் பேச முடியுமா? பேச விடுகிற மையத்தை நம்பலாம். உதவித்தொகை மாதா மாதமா, கடைசியிலா? தங்குமிடம் உண்டா? மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்திலும் எந்தத் திட்டத்தில் இப்போது ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்வார்கள். திட்டங்களின் பெயரும் நிபந்தனையும் அடிக்கடி மாறும், அதனால் போன வருடம் யாரோ சொன்னதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

எடுத்துப்போக வேண்டியது ஆதார், வங்கிப் புத்தகம், சாதிச் சான்றிதழ், கடைசியாகப் படித்த வகுப்புக்கான சான்று. இந்தக் கடைசித் தாளில்தான் நிறையப் பேர் திரும்பிவிடுகிறார்கள். பள்ளியை நடுவில் விட்ட பிள்ளையின் டிசி பெரும்பாலும் பள்ளியிலேயே கிடக்கும். அதை வாங்க அந்த வாசலுக்குத் திரும்பப் போக வேண்டும், "என்னப்பா, இப்ப எதுக்கு வந்த?" என்ற கேள்விக்கு நிற்க வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டே சேராமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். எங்கள் தெருப் பையனுடைய டிசியும் அப்படித்தான் மூன்று வருடம் கிடந்தது. அவன் அம்மா ஒரு திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தானே போய் நின்றார். தலைமையாசிரியர், பையனின் பெயரைக் கேட்டு, பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து, பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாராம்.